டெக்சாஸ் கிராமப்புறக் கவுண்டியில் புரொபேட்: உயில் தேடுவதிலிருந்து நிலப் பதிவு வரை

டெக்சாஸில் 254 கவுண்டிகள் (நம் ஊர் மாவட்டம் போன்றவை). புரொபேட்டுக்கென்றே, அதாவது உயிலைக் கோர்ட்டில் நிரூபித்து இறந்தவர் சொத்தை உரியவர்களிடம் சேர்க்கும் நடைமுறைக்கென்றே, தனி கோர்ட் இருப்பது ஹூஸ்டன், டாலஸ் போன்ற பெரிய நகரங்கள் உள்ள சில கவுண்டிகளில் மட்டும். சின்ன ஊர்களில் உயில் விவகாரம் கவுண்டி ஜட்ஜிடம்தான் போகும். அவர் வழக்கறிஞராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சாலை, பட்ஜெட் எல்லாம் முடிவு செய்யும் கமிஷனர்ஸ் கோர்ட்டுக்கும் அவரே தலைவர். அதனால் புரொபேட் விசாரணைக்குக் கிடைக்கும் நாட்கள் குறைவு. ஒரு தாள் விட்டுப்போனாலும் அடுத்த தேதி வரை காத்திருக்க வேண்டும்.

சின்ன ஊர் மருத்துவமனைகளில் டாக்டர் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே வீடும் நிலமும் வாங்கித் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். அப்படிப்பட்ட குடும்பங்களுக்கு உதவப் போன இடங்களில் சிக்கல் பெரும்பாலும் வரிசை தப்பியதால் வந்தது. பின்னால் செய்ய வேண்டியதை முன்னால் செய்துவிடுகிறார்கள். அதனால் கீழே உள்ள படிகளை அதே வரிசையில் பின்பற்றுங்கள்.

1. முதலில் சேர்க்க வேண்டியவை, தொடக் கூடாதவை

இறப்புச் சான்றிதழின் சான்றளிக்கப்பட்ட நகல்கள் பத்தாவது வாங்குங்கள். காப்பீட்டு நிறுவனம், ஓய்வூதியக் கணக்கு, வங்கி என்று ஒவ்வொன்றும் தனியாகக் கேட்கும்.

அடுத்தது அசல் உயில். நகலை வைத்தும் நிரூபிக்கலாம், ஆனால் அசல் ஏன் கிடைக்கவில்லை என்று விளக்கிச் சாட்சி சொல்ல வேண்டியிருக்கும். உயில் வங்கி லாக்கரில் இருக்கலாம் என்று தோன்றினால் வங்கிக்குப் போய்க் கேளுங்கள். கணவன் அல்லது மனைவி, பெற்றோர், 18 வயது நிரம்பிய பிள்ளைகள், உயிலில் எக்ஸிகியூட்டராக (உயிலை நிறைவேற்றுபவராக) குறிக்கப்பட்டவர் ஆகியோர் வங்கி அதிகாரி முன்னிலையில் லாக்கரைத் திறந்து பார்க்கச் சட்டத்தில் இடம் உண்டு. வங்கி சம்மதித்தால் அதற்குக் கோர்ட் உத்தரவு தேவையில்லை.

உயில் கிடைத்ததும் ஸ்கேன் எடுப்பதற்காக ஸ்டேபிள் பின்னைக் கழற்றாதீர்கள். பக்கம் மாற்றப்பட்டதோ என்ற கேள்வியை நீங்களே உண்டாக்கியதாகிவிடும். செல்போனில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக்கொண்டால் போதும்.

இனி, செய்யவே கூடாத ஒன்று. இறந்தவர் உங்களுக்குப் பவர் ஆஃப் அட்டர்னி கொடுத்திருந்தால் அவர் இறந்ததோடு அதுவும் செத்துப்போய்விட்டது. அதைக் காட்டி வங்கியில் பணம் எடுப்பது, நிலத்துக்குக் கையெழுத்துப் போடுவது எதுவும் செல்லாது. இறுதிச் சடங்குச் செலவுக்குத்தானே என்று நல்லெண்ணத்தில் எடுத்துவிட்டு, பிறகு விளக்கம் சொல்லித் தவிக்கிறார்கள். செலவை உங்கள் பணத்தில் செய்யுங்கள், ரசீதை வையுங்கள். எஸ்டேட் (இறந்தவர் விட்டுச்சென்ற சொத்துத் தொகுப்பு) கணக்கிலிருந்து பின்னால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

வீடு காலியாக இருக்கப் போகிறது என்றால் காப்பீட்டு ஏஜெண்டுக்கு உடனே சொல்லுங்கள். ஆள் இல்லாத வீட்டுக்குப் பல பாலிசிகளில் பாதுகாப்பு குறைந்துவிடும். நிலத்தை யாராவது மாடு மேய்க்கக் குத்தகைக்கு எடுத்திருந்தால், குத்தகைத் தாளைத் தேடி எடுத்து வையுங்கள்.

2. கோர்ட்டுக்குப் போக வேண்டிய சொத்து எது என்று பிரியுங்கள்

வழக்கறிஞரைப் பார்க்கும் முன்பே இதைச் செய்துவிடலாம். ஒரு தாளில் எல்லாச் சொத்தையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அது யாருக்கு, எப்படிப் போகிறது என்று எழுதுங்கள்.

பெனிஃபிஷியரி (பணம் யாருக்குப் போக வேண்டுமோ அவர்) பெயர் கொடுத்த ஆயுள் காப்பீடு, 401கே, ஐஆர்ஏ ஓய்வூதியக் கணக்குகள், இறந்ததும் இன்னாருக்கு என்று எழுதி வைத்த வங்கிக் கணக்கு, எஞ்சியவருக்கே சேரும் என்ற ஒப்பந்தத்துடன் உள்ள கூட்டுக் கணக்கு: இவற்றுக்குப் புரொபேட் தேவையில்லை. இறப்புச் சான்றிதழும் படிவமும் போதும். நிலத்துக்கும் இப்படி ஒரு வழி 2015 முதல் டெக்சாஸில் உண்டு. டிரான்ஸ்ஃபர் ஆன் டெத் டீட் எழுதி, அவர் உயிரோடு இருக்கும்போதே கவுண்டி கிளார்க்கிடம் (கவுண்டியின் பதிவேடுகளை வைத்திருக்கும் அதிகாரி) பதிந்திருந்தால் அந்த நிலமும் புரொபேட்டுக்கு வெளியே.

கூட்டுக் கணக்கில் ஒரு பள்ளம் இருக்கிறது. இரண்டு பெயர் இருப்பதாலேயே எஞ்சியவருக்குப் பணம் போய்விடாது. கணக்குத் தொடங்கிய தாளில் எஞ்சியவர் உரிமை எழுத்தில் இருக்க வேண்டும். அந்தத் தாளின் நகலை வங்கியிடம் கேட்டுப் பாருங்கள். வீட்டுக்கும் அதே கதைதான்: கணவன் மனைவி இருவர் பெயரில் பத்திரம் இருந்தாலும், எஞ்சியவர் உரிமைக்கான ஒப்பந்தம் இல்லையென்றால் இறந்தவரின் பாதி உயில்படியோ வாரிசு முறைப்படியோதான் போகும்.

3. எந்தக் கவுண்டியில் மனு?

இறந்தவர் நிரந்தரமாக வசித்த கவுண்டியில். நிலம் இருக்கும் கவுண்டியில் அல்ல. ஹூஸ்டனில் வசித்தவர் இரண்டு மணி நேரத் தொலைவில் நூறு ஏக்கர் வாங்கிப் போட்டிருந்தால், மனு ஹூஸ்டனில்தான். அங்கே கிடைக்கும் உத்தரவை நிலம் இருக்கும் கவுண்டியில் பிறகு பதிய வேண்டும். அதைப் பத்தாவது படியில் சொல்கிறேன்.

வேறு மாநிலத்தில் வசித்து, டெக்சாஸில் நிலம் மட்டும் வைத்திருந்தால் கதை வேறு. முதலில் அவர் வசித்த மாநிலத்தில் புரொபேட். அதன் சான்றளிக்கப்பட்ட நகலைக் கொண்டுவந்து நிலம் இருக்கும் டெக்சாஸ் கவுண்டியில் துணை நடவடிக்கை.

4. எந்த வழி? மனு போடும் முன்பே முடிவு செய்யுங்கள்

உயில் இருந்தால் இரண்டு முக்கிய வழிகள். ஒன்று, இன்டிபெண்டன்ட் அட்மினிஸ்ட்ரேஷன். எக்ஸிகியூட்டர் நியமனம் ஆனபின் ஒவ்வொரு காரியத்துக்கும் கோர்ட் அனுமதி கேட்க வேண்டாம். கடன், பல வங்கிக் கணக்குகள், விற்க வேண்டிய நிலம் இருந்தால் இதுதான் சரி.

மற்றது ம்யூனிமென்ட் ஆஃப் டைட்டில். உயிலை உரிமை ஆவணமாகக் கோர்ட் ஏற்றுக்கொள்ளும், அவ்வளவுதான். எக்ஸிகியூட்டர் நியமனம் இல்லை. நிலத்தின் மேலுள்ள அடமானம் தவிர வேறு கடன் இல்லாதபோது செய்யலாம். செலவும் குறைவு. ஆனால் சில வங்கிகளும் பங்குத் தரகு நிறுவனங்களும் இந்த உத்தரவைப் பார்த்துப் புரியாமல், நியமனச் சான்றுதான் வேண்டும் என்று அடம்பிடிக்கும். சொத்து நிலம் மட்டும் என்றால் இதை எடுங்கள். வேறு மாநிலத்துத் தரகுக் கணக்கு இருந்தால் எனக்கு இதில் விருப்பமில்லை.

உயில் இல்லையென்றால்: மனைவிக்கே எல்லாம் என்று நம்மவர்கள் நினைப்பது டெக்சாஸில் எப்போதும் உண்மையல்ல. திருமணத்துக்குப் பின் சம்பாதித்தது பொதுவாகக் கூட்டுச் சொத்து. பிள்ளைகள் எல்லாரும் இருவருக்கும் பிறந்தவர்கள் என்றால் அந்தச் சொத்து முழுவதும் எஞ்சியவருக்கு. இறந்தவருக்கு வேறு திருமணத்தில் பிள்ளை இருந்தால் அவருடைய பாதி பிள்ளைகளுக்குப் போய்விடும். திருமணத்துக்கு முன் வாங்கியது, பரம்பரையாக வந்தது, அன்பளிப்பு ஆகியவை தனிச் சொத்து. அந்த நிலத்தில் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கை ஆயுள் வரை அனுபவிக்கும் உரிமை மட்டும், மீதி பிள்ளைகளுக்கு.

உயில் இல்லாதபோது உள்ள வழிகள் மூன்று. ஸ்மால் எஸ்டேட் அஃபிடவிட் (சிறிய எஸ்டேட்டுக்கான உறுதிமொழிப் பத்திரம்): வீடும் சட்டம் விலக்கு தரும் பொருட்களும் போக மீதிச் சொத்து 75,000 டாலருக்குள் இருக்க வேண்டும், சொத்து கடனைவிட அதிகமாக இருக்க வேண்டும், இறந்து 30 நாள் கழிந்திருக்க வேண்டும், எல்லா வாரிசுகளும் கையெழுத்திட வேண்டும். இதை வைத்துக் குடியிருந்த வீட்டைத் தவிர வேறு நிலத்தை மாற்ற முடியாது. மேய்ச்சல் நிலத்துக்கு உதவாது. இரண்டாவது, அஃபிடவிட் ஆஃப் ஏர்ஷிப். கோர்ட் இல்லாமல், குடும்ப வரலாற்றைச் சாட்சிகள் எழுதிக் கொடுத்து நிலப் பதிவேட்டில் பதிவது. பதிவேட்டில் ஐந்து ஆண்டு இருந்தபின் அதற்குச் சான்று மதிப்பு கூடும். அதற்கு முன்பே டைட்டில் கம்பெனிகள் (நில உரிமையைச் சரிபார்த்துக் காப்பீடு தருபவை) பல நேரம் ஏற்கும், ஆனால் ஏற்றே ஆக வேண்டும் என்றில்லை. மூன்றாவது, கோர்ட்டில் வாரிசு நிர்ணயம். தெரியாத வாரிசுகளுக்காகக் கோர்ட் ஒரு வழக்கறிஞரை நியமிக்கும், அவர் கட்டணம் வழக்கமாக எஸ்டேட்டிலிருந்து போகும். உயிலோடு செய்வதைவிடச் செலவும் நாளும் அதிகம்.

இந்த மூன்றிலும் சொத்தில் பங்கு பெறாத இரண்டு சாட்சிகள் தேவைப்படும். இறந்தவரின் திருமணம், பிள்ளைகள் பற்றி நேரில் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். உள்ளூர் மருத்துவமனைச் சகாக்களுக்கு அவர் இந்தியாவில் இருந்த காலம் தெரியாது. கல்லூரித் தோழர், நெடுநாள் குடும்ப நண்பர் யார் என்று யோசித்து இப்போதே பேசி வையுங்கள்.

5. பெயரைச் சரிபார்ப்பது

பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக இருக்கும். நிலப் பத்திரத்தில் முதலெழுத்து மட்டும் இருக்கும். வங்கியில் இரண்டும் இடம் மாறி இருக்கும். மனைவி பெயருக்குப் பின்னால் ஒரு தாளில் கணவர் பெயர், இன்னொன்றில் தந்தை பெயர். இது வேறு ஊர்க்காரர்களுக்கு அவ்வளவாக வராத சிக்கல். உள்ளூர் வழக்கறிஞர் தானாகக் கேட்க மாட்டார்.

எல்லா ஆவணத்திலும் இருக்கும் பெயர் வடிவங்களை அப்படியே எழுதி அவரிடம் கொடுங்கள். மனுவிலும் உத்தரவிலும் "இன்ன பெயராலும் அறியப்பட்டவர்" என்று அத்தனையும் வர வேண்டும். உத்தரவில் ஒரு பெயரும் பத்திரத்தில் வேறு பெயரும் இருந்தால், பின்னால் நிலம் விற்கும்போது டைட்டில் கம்பெனி நிறுத்திவிடும். அப்போது உத்தரவைத் திருத்தப் போவதைவிட இப்போது ஒரு வரி கூட்டுவது எளிது.

6. வழக்கறிஞரும் மனுவும்

எக்ஸிகியூட்டர் மற்றவர்களுக்காக நடப்பவர் என்பதால், வழக்கறிஞர் இல்லாமல் அவரே கோர்ட்டில் வாதாடுவதை டெக்சாஸ் கோர்ட்டுகள் பொதுவாக ஏற்பதில்லை. நகரத்து வழக்கறிஞரா, உள்ளூர்க்காரரா என்று கேட்பார்கள். விவகாரத்தில் தகராறு இல்லையென்றால் உள்ளூர்க்காரரே மேல். ஜட்ஜ் எந்த நாளில் புரொபேட் பார்ப்பார், கிளார்க் அலுவலகம் எந்தப் படிவத்தைத் திருப்பி அனுப்பும் என்பது அவருக்குத் தெரியும். யாராவது எதிர்ப்பு மனு போட்டால் வழக்கை வேறு கோர்ட்டுக்கோ, நியமிக்கப்படும் புரொபேட் ஜட்ஜிடமோ அனுப்பச் சட்டத்தில் வழி உண்டு.

கெடு: இறந்த நாளிலிருந்து நான்கு ஆண்டு. அதன்பின் எக்ஸிகியூட்டர் நியமனம் கிடைக்காது. தாமதத்துக்கு மனுதாரர் காரணமில்லை என்று காட்ட முடிந்தால் ம்யூனிமென்ட் வழி மட்டும் திறந்திருக்கும். வீட்டில் அம்மா இருக்கிறாரே, இப்போது என்ன அவசரம் என்று விட்டுவிடும் குடும்பங்கள் இதில்தான் மாட்டுகின்றன.

மனு மின்னணு முறையில் போனாலும் அசல் உயில் தாளாகவே கிளார்க்கிடம் போய்ச் சேர வேண்டும். மனு வந்ததும் கிளார்க் அறிவிப்பு ஒட்டுவார். ஒட்டிய பின் பத்து நாள் கழிந்து வரும் திங்கட்கிழமை தாண்டினால்தான் விசாரணை. அந்தத் திங்கள் கணக்குத் தெரியாமல் விமான டிக்கெட் போட்டுவிடாதீர்கள். வழக்கறிஞரிடம் தேதியை எழுத்தில் வாங்கிய பிறகு போடுங்கள்.

எக்ஸிகியூட்டர் டெக்சாஸுக்கு வெளியே இருந்தால், அவர் சார்பில் நோட்டீஸ் வாங்க டெக்சாஸில் வசிக்கும் ஒருவரை ஏஜெண்டாக நியமித்துக் கிளார்க்கிடம் தாக்கல் செய்ய வேண்டும். கலிஃபோர்னியாவில் இருக்கும் மகனுக்கும் இது பொருந்தும், கோயம்புத்தூரில் இருக்கும் தம்பிக்கும் பொருந்தும்.

7. விசாரணை நாள்

தகராறு இல்லாத வழக்கு சில நிமிடங்களில் முடிந்துவிடும். கேள்விகள் ஏறத்தாழ எப்போதும் இவைதான்: எப்போது, எங்கே இறந்தார், எந்தக் கவுண்டியில் வசித்தார், நான்கு ஆண்டு ஆகவில்லையே, உயிலை ரத்து செய்தாரா, உயிலுக்குப் பின் விவாகரத்து உண்டா, பிள்ளை பிறந்ததா. சுருக்கமாகப் பதில் சொன்னால் போதும்.

உயிலின் கடைசியில் நோட்டரி முன் சாட்சிகள் உறுதி செய்த பகுதி இருந்தால் சாட்சிகள் வர வேண்டாம். இல்லையென்றால் கையெழுத்திட்ட சாட்சிகளில் ஒருவரையாவது தேட வேண்டும். கையால் எழுதிய உயிலும் டெக்சாஸில் செல்லும், ஆனால் அவர் கையெழுத்தை அறிந்த இருவர் வேண்டும்.

உத்தரவு வந்த 20 நாளுக்குள் பதவி உறுதிமொழி எடுக்க வேண்டும். அன்றே கிளார்க் அலுவலகத்தில் எடுத்துவிட்டுத்தான் ஊர் திரும்ப வேண்டும்.

8. லெட்டர்ஸ் கிடைத்த வாரம்

எக்ஸிகியூட்டராக நியமித்ததற்குக் கிளார்க் தரும் முத்திரையிட்ட சான்றுக்கு லெட்டர்ஸ் டெஸ்டமென்டரி என்று பெயர். விலை அதிகமில்லை, ஐந்தாறு வாங்குங்கள். ஒரேயடியாக இருபது வாங்கி வைப்பதில் பயனில்லை; அண்மையில் தேதியிட்டதுதான் வேண்டும் என்று வங்கிகள் கேட்கும், பழையதை வாங்காது.

வரிசை இது: முதலில் எஸ்டேட்டுக்கு ஐஆர்எஸ் (மத்திய வரித் துறை) தளத்தில் வரி எண், பிறகு எஸ்டேட் பெயரில் வங்கிக் கணக்கு, அதன்பின் பழைய கணக்குகளை மூடி அதில் சேர்ப்பது. இறந்தவர் பணத்தைத் தன் சொந்தக் கணக்கில் போட்டுக்கொண்டு, கணக்கு எழுதி வைத்திருக்கிறேன் என்று சொல்லும் மகனைத் தங்கையும் தம்பியும் சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்குவது அங்கேதான். ஒரு டாலரைக் கூடக் கலக்காதீர்கள்.

9. நாட்காட்டியில் எழுத வேண்டிய கெடுக்கள்

லெட்டர்ஸ் கிடைத்த ஒரு மாதத்துக்குள் கடன்காரர்களுக்கான அறிவிப்பு அந்தக் கவுண்டியில் வெளியாகும் செய்தித்தாளில் வர வேண்டும். சின்ன ஊர்ப் பத்திரிகை வாரம் ஒருமுறைதான் வரும், விளம்பரத்துக்குக் கடைசி நாள் அதற்கும் முன்னால். எனவே முதல் வாரமே அனுப்புங்கள். வெளியானதற்குப் பத்திரிகை தரும் அஃபிடவிட்டைக் கோர்ட்டில் தாக்கல் செய்ய வேண்டும்.

அடமானம் போன்ற பிணைக் கடன் கொடுத்தவர்களுக்கு இரண்டு மாதத்துக்குள் சர்டிஃபைட் தபால். மருத்துவமனை, கிரெடிட் கார்டு போன்ற பிணையில்லாத கடனுக்கு நோட்டீஸ் கட்டாயமில்லை. ஆனாலும் அனுப்புங்கள் என்பேன்: சட்டம் சொல்லும் முறையில் அனுப்பினால் 120 நாளுக்குள் அவர்கள் கோரிக்கை வைக்க வேண்டும், இல்லையென்றால் உரிமை போய்விடும். ஒரு தபால் செலவில் கிடைக்கும் பாதுகாப்பு இது.

உயில் ஏற்கப்பட்ட 60 நாளுக்குள் பயனாளிகளுக்கு நோட்டீஸ். 90 நாளுக்குள், அனுப்பியதை உறுதிசெய்யும் அஃபிடவிட். பதவியேற்ற 90 நாளுக்குள் சொத்துப் பட்டியலும் மதிப்பும். பட்டியல் தாக்கலானால் யாரும் பார்க்கலாம். எல்லாரும் எல்லாரையும் அறிந்த ஊரில் இது சங்கடம். பிணைக் கடன், வரி, நிர்வாகச் செலவு தவிர வேறு பாக்கி இல்லையென்றால், பட்டியலைப் பயனாளிகளுக்கு மட்டும் கொடுத்துவிட்டு அதற்குப் பதிலாக ஒரு அஃபிடவிட் தாக்கல் செய்யலாம். அதற்காகவே சின்னச் சின்னக் கடன்களை 90 நாளுக்குள் தீர்த்துவிடப் பாருங்கள்.

10. நிலம்

கோர்ட் உத்தரவோடு வேலை முடிந்தது என்று நினைத்து நிறுத்திவிடுவதுதான் நான் பார்த்ததிலேயே அதிகம் நடக்கும் தவறு. உத்தரவு இருப்பது புரொபேட் கோப்பில். நிலம் வாங்க வருபவர் தேடுவது நிலப் பதிவேட்டில்.

உயிலும் உத்தரவும் சான்றளிக்கப்பட்ட நகலாக, நிலம் இருக்கும் ஒவ்வொரு கவுண்டியிலும் கவுண்டி கிளார்க்கிடம் பதியப்பட வேண்டும். எக்ஸிகியூட்டர் பயனாளிக்கு எழுதித் தரும் பத்திரத்தையும் அங்கேயே பதியுங்கள். சட்டப்படி உரிமை இறந்த நொடியிலேயே பயனாளிக்குப் போய்விடுகிறது என்றாலும், இந்தப் பத்திரம் இருந்தால் பின்னால் யாரும் கேள்வி கேட்க இடமில்லை.

கனிம உரிமையை மறக்காதீர்கள். டெக்சாஸில் மேல்நிலம் ஒருவருக்கும் அடியில் உள்ள எண்ணெய், எரிவாயு வேறொருவருக்கும் இருக்கலாம். ராயல்டி வந்துகொண்டிருந்தால், உரிமையாளர் இறந்தது தெரிந்ததும் நிறுவனம் பணத்தை நிறுத்தி வைக்கும். பதிவான ஆவணங்களை அனுப்பினால் புதிய பெயருக்கு டிவிஷன் ஆர்டர் (ராயல்டியில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று காட்டும் தாள்) தருவார்கள்.

நிலம் விவசாய மதிப்பில் வரி கட்டுகிறது என்றால், உடைமை மாறியதும் புதிய உடைமையாளர் பொதுவாக மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். கவுண்டி அப்ரைசல் டிஸ்ட்ரிக்டில் (வரிக்காகச் சொத்தை மதிப்பிடும் அலுவலகம்), வழக்கமாக மே 1-க்கு முன். தவறினால் சந்தை மதிப்பில் வரி வந்து நிற்கும், அது பல மடங்கு. எஞ்சிய மனைவி அல்லது கணவருக்கு விதி எப்படி என்று அந்த அலுவலகத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

இறந்த நாளில் நிலத்தின் மதிப்பு என்ன என்று கிராமப்புற நிலம் மதிப்பிடத் தெரிந்த ஒருவரிடம் எழுத்தில் வாங்குங்கள். பின்னால் விற்கும்போது மூலதன ஆதாய வரி அந்த மதிப்பிலிருந்துதான் கணக்கிடப்படும். கூட்டுச் சொத்தாக இருந்தால் இறந்தவரின் பாதிக்கு மட்டுமல்ல, எஞ்சியவரின் பாதிக்கும் புதிய மதிப்பு வரும். சில ஆண்டு கழித்து அன்றைய விலையைத் தேடுவது பெரும்பாடு.

பிள்ளைகள் வீட்டை உடனே விற்க நினைத்தால் ஒன்று தெரிந்திருக்கட்டும். குடியிருந்த வீட்டில் வாழ்நாள் முழுவதும் இருக்க எஞ்சிய கணவன் அல்லது மனைவிக்கு உரிமை உண்டு, உயில் வேறு யாருக்கு எழுதியிருந்தாலும். கிராமப்புறத்தில் அந்த உரிமை, குடும்பம் என்றால் 200 ஏக்கர் வரை போகும்.

11. இந்தியாவில் இருக்கும் வாரிசும் சொத்தும்

வாரிசு தமிழ்நாட்டில் இருந்து கையெழுத்திட வேண்டுமென்றால் சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நோட்டரி சேவை உண்டு. அல்லது உள்ளூர் நோட்டரி, அதன்மேல் இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் (ஆவணம் வெளிநாட்டில் ஏற்கப்பட அரசு தரும் சான்று). வெறும் நோட்டரி முத்திரையோடு அனுப்பினால் திரும்பி வரும் வாய்ப்பு அதிகம். எந்த வழி ஏற்கப்படும் என்று தாள் தேவைப்படும் இடத்தில் முதலில் கேளுங்கள்.

டெக்சாஸ் உத்தரவு இந்தியாவில் உள்ள நிலத்தைத் தானாக மாற்றாது. இங்கே நிரூபிக்கப்பட்ட உயிலின் முறையான நகலை வைத்து இந்தியக் கோர்ட்டில் நிர்வாக உரிமை கேட்க, 1925-ம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் 228-ம் பிரிவில் வழி இருக்கிறது. அதற்காகக் கிளார்க்கிடம் ஒரு சான்றளிக்கப்பட்ட தொகுப்பைக் கூடுதலாக வாங்கி, டெக்சாஸ் மாநிலச் செயலர் அலுவலகத்தில் அப்போஸ்டில் செய்து வையுங்கள்.

12. வரி, பிறகு பங்கு

பங்கு பிரிப்பது கடைசி. வரி பாக்கி இருக்கும்போது பிரித்துக் கொடுத்துவிட்டால், அந்த வரிக்கு எக்ஸிகியூட்டர் தன் கைப்பணத்தில் பொறுப்பாக நேரிடும்.

இறந்த ஆண்டுக்கு அவருடைய வருமான வரிப் படிவம் 1040, எஸ்டேட்டுக்கு 600 டாலரோ அதற்கு மேலோ வருமானம் வந்தால் எஸ்டேட்டின் வரிப் படிவம் 1041. டெக்சாஸில் மாநில எஸ்டேட் வரி இல்லை. மத்திய எஸ்டேட் வரி 2026-ல் 15 மில்லியன் டாலருக்கு மேல்தான். ஆனால் இறந்தவர் குடியுரிமையோ நிரந்தர வசிப்போ அமெரிக்காவில் இல்லாதவர் என்று கருதப்பட்டால், அந்த வரம்பு 60,000 டாலராகச் சுருங்கிவிடும். எஞ்சிய மனைவி குடியுரிமை பெறாதவர் என்றால் மனைவிக்கான வரம்பில்லா விலக்கும் அப்படியே கிடைக்காது. இந்த இரண்டில் ஒன்று உங்களுக்குப் பொருந்தினால், பன்னாட்டு எஸ்டேட் வரி தெரிந்த கணக்காளரைத் தனியாகப் பாருங்கள்.

பங்கு கொடுக்கும்போது ஒவ்வொருவரிடமும் கையெழுத்திட்ட ரசீது வாங்குங்கள், அது உடன்பிறந்தவராக இருந்தாலும். வரிக்காகவும் கடைசிக் கட்டணங்களுக்காகவும் கொஞ்சம் தொகையை நிறுத்தி வையுங்கள். இன்டிபெண்டன்ட் முறையில் எஸ்டேட்டை மூடக் கோர்ட் உத்தரவு கட்டாயமில்லை. வரி விவரங்கள் ஏற்கப்பட்டு, நிறுத்தி வைத்ததையும் பிரித்த பிறகு எஸ்டேட் வங்கிக் கணக்கை மூடிவிடலாம்.